ஊசிக்காரரின் மிச்ச மாத்திரைகள்

தையல் மெஷின் பழுது பார்ப்பவருக்கு ஊர் வைத்த பெயர் ஊசிக்காரர். அந்த ஊசிக்காரருக்கு ஊசி என்றால் நடுக்கம். மெஷின் ஊசி கட்டைவிரல் நகத்தைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தபோது, குறட்டால் தானே பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர் அவர். ஆனால் டாக்டர் கையில் சிரிஞ்சைப் பார்த்தால் செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்து வந்துவிடுவார். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், இரண்டு கையிலும் ஊசி குத்தி ஊசி குத்தி, இனிமேல் குத்த நரம்பு அகப்படவில்லை.

நல்ல மனுஷர் என்று சொல்ல நிறைய ஆள் உண்டு. மகள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கடை ஒரு ஆள் படுக்கும் அகலம். சுவரில் பெல்ட்டுகள் தொங்கும். மேஜைமேல் எப்போதும் இரண்டு மெஷின் குடல் தெரியப் பிரிந்து கிடக்கும். எண்ணெய்க் கறை படிந்த துணி தோளில் இருக்கும். அதே துணியால் கையைத் துடைப்பார், முகத்தைத் துடைப்பார், டீ டம்ளரையும் துடைப்பார். வலது கைப் பக்கம் அறை அறையாகத் தடுத்த ஒரு தகரப் பெட்டி. ஒரு அறையில் ஸ்க்ரூ, ஒன்றில் ஸ்பிரிங், ஒன்றில் நூல் சுற்றும் பாபின். கண்ணை மூடிக்கொண்டு கை விட்டால் வேண்டியது விரலில் ஏறும்.

அவருக்கு இரண்டு சட்டம் இருந்தது. மிஞ்சினதைத் தூக்கிப் போடாதே. ஓடுகிற மெஷினில் கை வைக்காதே. மெஷினுக்கு இரண்டுமே சரியான சட்டம்தான். அவர் அதை மனுஷ உடம்புக்கும் போட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

டாக்டர் யாருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், காய்ச்சல் விட்ட மறுநாளே ஊசிக்காரர் வீட்டில் மருந்து நிற்கும். "மெஷின் ஓட ஆரம்பிச்சிடுச்சில்ல? அப்புறம் எதுக்கு உள்ள எண்ணெய ஊத்துற?" என்பார். மீந்ததை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, தகரப் பெட்டியின் மேல் வரிசையில் நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவார். சிவப்பு ஒரு அறை, மஞ்சள் ஒரு அறை, வெள்ளையில் பெரியது ஒரு அறை, சின்னது ஒரு அறை. மருந்தின் பெயர், காலாவதித் தேதி எல்லாம் அட்டையோடு குப்பைக்குப் போகும். அட்டை இடத்தை அடைக்கும், ஒரே அளவாகவும் இருக்காது. ஸ்க்ரூவை யாராவது காகிதத்தில் சுற்றி வைப்பானா?

தெருவில் தும்மினவரெல்லாம் அந்தக் கடைக்கு வந்தார்கள். "அண்ணே, தொண்ட கரகரங்குது." கை பெட்டிக்குள் போகும். ஒரு சிவப்பு வரும். சளிப் பிடித்தவனுக்கும் சிவப்பு, பல்லில் சீழ் வைத்தவனுக்கும் சிவப்பு. சளி தானாகவே போகும். பேர் ஊசிக்காரருக்கு வரும். "அவரு கைராசி" என்பார்கள். அவர் காசு வாங்கமாட்டார். அதனால் அவர் வாய் இன்னும் நீளும்.

மகள் படித்தது கிருமிப் படிப்பு. வேலையும் ஆஸ்பத்திரி லேபில், கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவில். வீட்டில் அப்பாவும் மகளும் நேராகப் பேசிக்கொண்டால் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவாள்.

"சளிக்கு இந்த மாத்திரை கேட்காதுப்பா. அது வேற ஜாதிக் கிருமி. இது அத ஒண்ணும் பண்ணாது."

"கேட்டுச்சே. டீக்கடைக்காரன் எந்திரிச்சு ஓடுறான், போய்ப் பாரு."

"நீங்க பச்சத் தண்ணி குடுத்திருந்தாலும் ஓடியிருப்பான்."

"நீ சொல்ற கிருமிய நீ கண்ணால பாத்திருக்கியா?"

"தெனமும் பாக்குறேன்."

"அப்ப அதோடயே குடித்தனம் பண்ணு. என் கடைக்குள்ள வராத."

இன்னொரு நாள் அவள் இறங்கி வந்து சொல்லிப் பார்த்தாள். "பாம்ப அடிச்சா முழுசா அடிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க? அரைகுறை மாத்திரையில நோஞ்சான் கிருமிதான் சாகுது. தாக்குப் பிடிச்சது மிஞ்சி நிக்குது. அப்புறம் அது பெருகிடும். அந்த மருந்துக்கு அது மசியாது."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக் குடைந்தபடி கேட்டார். "பாம்பு செத்தப்புறமும் அடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்றானே உங்க டாக்டர், அவனுக்குக் கம்பு விக்கிற கடை எதாவது இருக்கா?"

தெருவே சிரித்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது காலை மகள் காட்டினால் அதை ஒடித்துவிட்டு மூன்று என்பார்.

அவருக்கு மூத்திரம் எரிய ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. மகளிடம் சொல்கிற வியாதியா அது? எரிந்தால் பெட்டிக்குள் கை விடுவார். இரண்டு சிவப்பு, அடங்காவிட்டால் ஒரு மஞ்சள். அடங்கும். நிறுத்துவார். திரும்ப வரும். இப்படி எத்தனை முறை ஓடியது என்பதற்குக் கணக்கு இல்லை. கடைசியில் ஒரு காலை, வேட்டியில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டு அம்மாதான் வாயைத் திறந்தாள். மகள் அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"சிவப்பு."

"பேரு?"

"சிவப்புதான் பேரு. கேக்கலன்னா மஞ்சள்."

"எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம, தடிப்பு, மூச்சிரைப்புன்னு வந்திருக்கா?"

"டாக்டருங்கதான் எனக்கு ஒத்துக்கறதில்ல."

டாக்டரம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. காய்ச்சல் இல்லை என்பதால், முதலில் மூத்திரத்தை லேபுக்கு அனுப்புவோம், எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துவிட்டே எழுதலாம் என்றார் டாக்டரம்மா.

அந்தத் தட்டு மகள் கைக்கே வந்தது. தட்டில் ஜெல்லி போன்ற ஒரு பரப்பு. அதன்மேல் நோயாளியின் கிருமியைப் பூசி, பொட்டு அளவுக் காகித வில்லைகளை வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாக வெறும் இடம் தெரியும். கேட்காவிட்டால் வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி வளர்ந்து நிற்கும், சுவரோரம் வரை புல் முளைத்த மாதிரி. அப்பாவின் தட்டில் ஒரே புல்வெளி. வாயால் சாப்பிடும் மருந்துகளில் ஒன்றே ஒன்றைச் சுற்றி வட்டம் இருந்தது. அதுவும் பெரிய வட்டமில்லை. மற்ற வட்டங்கள் எல்லாம் ஊசி மருந்துகளுக்கு.

அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் சொன்னாள்.

"உங்க பெட்டியில இருக்கிற எந்தக் கலரும் இனிமே உங்களுக்குக் கேட்காது. ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருக்கு. அதையும் பாதியில விட்டீங்கன்னா, அப்புறம் ஊசிதான். கட்டில்ல படுக்க வச்சு, கையில ஏத்துற ஊசி."

ஊசி என்றதும் அவர் முகம் மாறியது. அதைப் பார்த்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

டாக்டரம்மா அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து, அவருக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று, நேரம் தப்பாமல். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. டம்ளர் நிறையத் தண்ணீர். பாலோடு வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு அவர் குடிக்கும் வெள்ளைத் திரவம் கூடவே கூடாது. அது வயிற்றில் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. அதைக் குடித்தே தீருவேன் என்றால் சில மணி நேரம் தள்ளி. தடிப்போ மூச்சுத் திணறலோ குதிகால் நரம்பில் வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடி வர வேண்டும். "ஆனா, நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தணும்னு தோணுச்சுன்னா என்னைக் கேட்டுட்டு நிறுத்துங்க."

"சரிங்கம்மா," என்றார் ஊசிக்காரர், ஆட்டுக்குட்டி மாதிரி. வாசலைத் தாண்டியதும், "பொம்பளப் புள்ளைங்க ரெண்டும் சேர்ந்து எனக்கு மூக்கணாங்கயிறு போடுது," என்றார்.

முதல் நாளே வெள்ளை மருந்து பாட்டிலோடு பிடிபட்டார். மாத்திரையை விழுங்கிவிட்டு அதன்மேல் இரண்டு வாய் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் பாட்டிலைப் பிடுங்கினாள்.

"என் வீட்டுலயே எனக்குச் சோதனையா?"

"ஆமா. சோதனைதான் என் வேலை."

"போலீஸ்காரி. உன்னக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"வாயத் தொறங்க. நாக்கைத் தூக்குங்க. ம்... போங்க."

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, ராத்திரி வந்து ஒரு தடவை. எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மாத்திரை, ஒரு வசவு. எரிச்சல் நின்றது. ரத்தம் நின்றது. அவர் பழையபடி சைக்கிளை மிதித்துக் கடைக்குப் போனார். பின்னே அவளுக்கு ஷிஃப்ட் மாறியது. பொறுப்பை அம்மாவிடம் விட்டாள். வாரக் கடைசியில் அப்பா காலி அட்டையைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேராக ஆட்டினார். எல்லாக் குழியும் கிழிந்து பிதுங்கியிருந்தது.

"எண்ணிக்கோ. முடிஞ்சுது. ஜெயில்லேர்ந்து விடுதலை."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். காலி அட்டை, மாத்திரை அட்டையில் இல்லை என்பதை மட்டுமே காட்டும். வாழ்நாள் முழுக்க மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கியே வைத்த ஆளின் கையிலிருந்து வந்த அட்டை அது.

மாதம் திரும்புவதற்குள் அவரை நடுக்கம் பிடித்தது. இரண்டு போர்வைக்குள்ளும் கட்டில் ஆடியது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்து ஸ்க்ரூடிரைவர் கேட்டார். அள்ளிக்கொண்டு போனார்கள். கிருமி சிறுநீரகத்தில் ஏறி, ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. "மாத்திரைய முழுசா முடிச்சாரா?"

"முடிச்சாரு," என்றாள் மகள். பக்கத்தில் அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

ஊசி ஏறியது. நரம்பு ஒவ்வொன்றாக வீங்கி மூடிக்கொண்டது. நினைவு வந்த ஒரு மதியம், அவர் மகளின் முழங்கையைப் பிடித்தார். பிடியில் இன்னும் மெக்கானிக் பலம் இருந்தது.

"இத எடுக்கச் சொல்லு. ஓடுற மெஷின்ல கை வைக்காதீங்கன்னு சொல்லு."

"ஓடலப்பா," என்றாள் அவள். "மெஷின் நின்னுக்கிட்டிருக்கு."

அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். உண்மையைத்தான் சொன்னாள். அதன் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் இறந்தார்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வாடகை நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை வந்தாள். அத்தை அவருடைய ஒரே தங்கை, தையல்காரி. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு. அவள் மெஷின் கட கடவென்று ஓடினால் இந்த வீட்டுச் சுவர்க் கண்ணாடி அதிரும். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பழைய பாபின் டப்பாவை எடுத்தாள்.

"எங்கண்ணன் கடைசியாக் குடுத்தது. அவர் ஞாபகமா வச்சிருக்கேன்."

மகள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே மாத்திரைகள். அந்த நிறம், அந்தக் கோடு, அந்த அளவு. தினமும் இரண்டு வேளை கையில் எடுத்துக் கொடுத்தவளுக்குத் தெரியாதா?

"இது எப்ப குடுத்தாரு?"

"எனக்கும் அதே எரிச்சல்டி. துடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மதில்கிட்ட வந்து, 'எனக்கு நின்னுடுச்சு, இது வீணாத்தானே போகும், நீ போடு'ன்னாரு. அட்டைய அவருக்கு வேணும்னாரு, உன்கிட்டக் காட்ட. ரெண்டு போட்டேன், எரிச்சல் விட்டுச்சு. மிச்சத்த எடுத்து வச்சேன்."

"ரெண்டு போட்டு நிறுத்திட்டே."

"நின்னுடுச்சே!"

அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. மகள் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்குத் தெரியும். சொன்னா வீடு ரெண்டாகும்னு சொல்லல."

"இப்ப ஒண்ணா இருக்கா?"

நாற்காலிக்காரன் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மகள் டப்பாவை மூடினாள்.

"எங்கப்பா உயிர்ல பாதிய டப்பாவுல போட்டு வச்சிருக்க, அத்தை. ஞாபகமா வச்சிருக்கியாம் ஞாபகம்."

அத்தை அடிபட்டதுபோல் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சில் நியாயம் இல்லை. அந்த மாத்திரையை முடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டரம்மாவே சத்தியம் செய்யவில்லை. வட்டம் சின்னது, வியாதி பழசு, வயசாகி மூத்திர வழியும் அடைபட்டுக் கிடந்தது, எல்லாம் சேர்ந்துதான் என்றார். மகளுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். யார் மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது. போட வேண்டியவர் போய்விட்டார்.

மறுநாள் அவள் கடையைத் திறந்தாள். தகரப் பெட்டியின் மேல் வரிசையைக் கவிழ்த்தாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நிறம் போய்ப் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த கூட்டம். அடியில் சில ஸ்க்ரூக்களும் இருந்தன. ஆள் தளர்ந்த பிறகு கை இடம் மாறியிருக்க வேண்டும். ஸ்க்ரூவைப் பொறுக்கி அதன் அறையில் போட்டாள். மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டவில்லை, குப்பையிலும் போடவில்லை. பையில் கட்டி ஆஸ்பத்திரி மருந்தகத்தில், எரிப்பதற்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போட்டாள். அத்தையின் பாபின் டப்பாவில் இருந்ததையும் சேர்த்துத்தான்.

அவள் ஷட்டரை இறக்கும்போது டீக்கடைக்காரன் வந்தான். "பாப்பா, மூக்கு ஒழுகுது. அப்பா இருந்திருந்தா ஒரு சிவப்பு குடுத்திருப்பாரு."

"அதனாலதான் அப்பா இல்ல," என்றாள். அவனுக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் மூக்கு தானாக நின்றது.

அத்தை வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் மெஷின் அடிக்கடி நின்றது. கட கட, நிற்கும். பின்கட்டுக் கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம். திரும்பவும் கட கட, நிற்கும். மகளுக்கு அந்தக் கணக்கு விளங்கக் கொஞ்ச நேரமே ஆயிற்று. மதிலேறிக் குதிக்காத குறையாகப் போய் நின்றாள்.

"திரும்ப எரியுதா?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. குடும்பத்துக்கே அதான் வழக்கமா?"

"உன்கிட்டச் சொல்லி இன்னொரு பேச்சு வாங்கவா? எரிஞ்சே சாகுறேன், போ."

"சாகுறதா இருந்தா நான் சோதிச்சுப் பாத்தப்புறம் சாவு. எந்திரி."

அத்தை எழுந்திருக்கவில்லை. மகள் மெஷினின் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பெல்ட் இல்லாமல் மெஷின் ஓடாது. தைத்துக் கொடுக்க வேண்டிய துணி மலைபோல் கிடந்தது. "டாக்டர்கிட்ட வந்தா தருவேன்." அப்பாவே நேரில் வந்திருந்தாலும் அப்படி ஒரு அடாவடி பண்ணியிருக்க மாட்டார். அத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே புடவை மாற்றினாள்.

இந்த முறையும் மாத்திரைக்கு முன்னால் மூத்திரம் கொடுத்தாயிற்று. மகள் தட்டை எடுத்து விளக்கடியில் வைத்தாள். பார்த்தாள். வில்லையைச் சுற்றி வட்டம். அடுத்த வில்லைக்கும் வட்டம். அகலமான, சுத்தமான வட்டங்கள். அப்பாவின் தட்டில் இருந்தது வேறு கிருமி. அத்தையுடையது இன்னும் சாதாரணமானது, சாதாரண மாத்திரைக்கே சாகக் கூடியது. அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை. ஆத்திரம்தான். இவளுக்கு மட்டும் எப்படி இத்தனை வட்டம்? பிறகுதான் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மாத்திரை வந்தது. அண்ணனுக்குக் கொடுத்தது இல்லை, வேறு. சட்டத்தை மகள் போட்டாள்: அட்டையிலிருந்து முன்கூட்டியே பிதுக்கக் கூடாது. யாருக்கும் தரக் கூடாது, மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். உடம்பில் தடிப்பு வந்தால், மூச்சு இரைத்தால், அடுத்ததை விழுங்காமல் கூப்பிட வேண்டும். மற்றபடி எரிச்சல் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, டாக்டர் சொன்ன கடைசி மாத்திரை வரை. அவள் எதிரில்.

"உங்கப்பன் வாய் அப்படியே இருக்கு உனக்கு," என்றாள் அத்தை.

"இருக்கட்டும். தண்ணி முழுசும் குடி."

இரண்டாம் நாளே எரிச்சல் நின்றது. அத்தை அட்டையைத் தள்ளி வைத்தாள். மகள் அதை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். தினமும் அதே. ஒருத்தியை ஒருத்தி பார்க்கப் பிடிக்காமல், எதிரெதிரே, நடுவில் ஒரு டம்ளர். பெல்ட்டை மகள் முதல் நாளே திருப்பித் தந்திருந்தாள். அதைத் தானே மாட்டியும் கொடுத்தாள், அப்பா மாட்டுவதுபோல் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இழுவை பார்த்து. அத்தை அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அட்டையில் கடைசிக் குழி. அத்தை அதை மகள் கண்ணெதிரிலேயே பிதுக்கினாள். வாயில் போட்டாள். தண்ணீரை அண்ணாந்து குடித்து டம்ளரை டக்கென்று வைத்தாள்.

"முடிஞ்சுதா உன் கெடுபிடி?"

"வாயத் தொற."

அத்தை அகலமாகத் திறந்தாள். கண்ணில் நீர் நின்றது. வாயைத் திறந்தபடியே பேசினாள். "நல்லாப் பாரு. எங்கண்ணன் உள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கானான்னு பாரு."

மகள் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"நாக்கைத் தூக்கு," என்றாள்.